மெழுகுதிரி எரிந்தால் கிணறு பாதுகாப்பானதா? – எங்கள் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், விஞ்ஞானப் பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளில் வளி, வளிமண்டலம் தொடர்பான செயன்முறைகளை நிறுத்திவிட்டு, அவற்றைத் திறன்பலகையில் காணொளியாகக் காட்டி ஒரே பாடவேளையில் முடிக்கும்படி இந்தத் தவணை அறிவுறுத்தியிருக்கிறீர்கள். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளில் சுடர் எதையும் பற்றவைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. செயன்முறைப் பொருட்களுக்கென்று ஒதுக்கி வந்த சிறு தொகை மாதிரி வினாத்தாள் அச்சடிக்கத் திருப்பப்பட்டுள்ளது. மூன்றையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கூட்டத்தில் சொல்ல எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதனால் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காணொளியையே எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுதிரி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஒட்சிசன் முழுவதும் தீர்ந்தது, அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று பின்னணிக் குரல் சொல்கிறது. இது பிழை. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கக் கற்பிக்கப்பட்டு வரும் பிழை என்பதால் அது சரியாகிவிடாது.

மூடிய குவளைக்குள் மெழுகுதிரி அணையும்போது ஒட்சிசன் தீர்ந்துபோவதில்லை. 21 சதவீதமாக இருந்தது ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கியதும் சுடர் தாக்குப்பிடிக்காமல் அணைகிறது, அவ்வளவுதான். நாம் வெளிவிடும் மூச்சிலும் ஒட்சிசன் ஏறத்தாழ அதே 16 சதவீதம். அப்படியானால் தண்ணீர் ஏன் ஏறுகிறது? குவளையைக் கவிழ்க்கும்போதே சுடரின் வெப்பத்தால் உள்ளே இருக்கும் வளி விரிந்து ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் விளிம்பில் குமிழிகள் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்ச வளி குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி ஒடுங்குகிறது, வெளியமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் கிடுகிடுவென்று ஏறுவது சுடர் அணைந்த பிறகுதான். எரிந்து தீர்வதுதான் காரணம் என்றால் எரிந்துகொண்டிருக்கும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும்.

இதை மாணவரே கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரே குவளையை முதலில் ஒரு மெழுகுதிரிமேல் கவிழ்க்கச் சொல்லுங்கள், அடுத்து ஒட்டி நிறுத்திய மூன்று மெழுகுதிரிமேல். குவளைக்குள் இருக்கும் ஒட்சிசன் இரண்டு தடவையும் ஒன்றுதான். ஆனால் மூன்று திரியில் தண்ணீர் கூடுதலாக ஏறும். "அப்ப ஒட்சிசன் கூடிட்டுதோ, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம். காணொளியில் அந்தக் கேள்வி வராது. ஏனென்றால் அது ஒரு திரியோடு முடிந்துவிடுகிறது, விடையையும் தானே சொல்லிவிடுகிறது.

ஒரு சிறு பிழைக்கு இவ்வளவு சத்தமா என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பிழை எங்கள் பிள்ளைகளைக் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோகிறது என்பதுதான் எங்கள் கவலை.

வன்னியில் தோட்டக் கிணறு ஆழமானது. நிலத்தின் மேல் வைத்த வாட்டர் பம் உறிஞ்சித் தண்ணீரைத் தூக்குவதில்லை. அது குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது, கிணற்றுத் தண்ணீரை வளிமண்டலம் மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தால் தள்ளக்கூடிய உயரம், கணக்கின்படி, கடல்மட்டத்தில் 10.3 மீற்றர். குழாய் உராய்வு, மூட்டுகளில் வளிக் கசிவு, 30 பாகைத் தண்ணீரின் ஆவியமுக்கம் எல்லாம் போக நடைமுறையில் 7 மீற்றர் கிடைத்தால் பெரிய காரியம். ஆடி ஆவணியில் தண்ணீர் அதற்குக் கீழே போனதும் தோட்டக்காரர் என்ன செய்கிறார்? கிணற்றுக்குள் ஒரு தட்டு அமைத்து, மண்ணெண்ணெயில் ஓடும் அந்தப் பம் மிசினைக் கீழே இறக்கிவிடுகிறார். மிசினின் புகை கிணற்றுக்குள்ளேயே தங்குகிறது. அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு (CO) இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வளியில் 0.2 சதவீதம்கூட வராத அளவு ஓரிரு மணித்தியாலத்தில் ஆளைக் கொல்லும். 1 சதவீதத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்குத்தான். வளியைவிடப் பாரமானதும் அல்ல, பெரிதாக இலேசானதும் அல்ல. அதனால் கீழே படியாது, தானாக மேலே போயும் விடாது, கிணறு முழுக்கக் கலந்து நிற்கும்.

கிணற்றுக்குள் இறங்கமுன் விளக்கையோ மெழுகுதிரியையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. பழைய பாழ்கிணற்றில் காபனீரொட்சைட்டு (CO₂) தேங்கி ஒட்சிசன் குறைந்திருந்தால் அது உதவும், விளக்கு அணையும். மிசின் ஓடிய கிணற்றில் உதவாது. ஒட்சிசன் 19, 20 சதவீதம் இருக்கும், காபனோரொட்சைட்டு 1 சதவீதம் இருக்கும், விளக்கு நின்று எரியும், இறங்கியவர் விழுவார். "திரி எரிந்தால் வளி நல்லது, அணைந்தால் ஒட்சிசன் இல்லை" என்று தரம் 6 இல் படித்த பிள்ளை பதினெட்டு வயதில் அப்பாவின் மிசினைத் திருத்த இறங்கும்போது எந்த அறிவோடு இறங்கும்? விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதித்து அவரும் போவது இந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மிசின் ஓடிய கிணற்றுக்குள் இறங்காதே, யாராவது விழுந்தால் நீ குதிக்காதே, ஆட்களைக் கூப்பிடு, 1990 அம்புலன்சுக்கு எடு. இந்த நான்கு வசனமும் வளிப் பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும். காணொளியில் அதற்கு இடம் இல்லை. அது கிணறே இல்லாத ஏதோ ஒரு நகரத்துக்குச் செய்த காணொளி.

ஒட்சிசன் ஐந்தில் ஒன்று என்பதைச் சரியாகக் காட்ட வழி இருக்கிறது. அதற்குச் சுடரே தேவையில்லை என்பதால் உங்கள் தடையையும் அது மீறாது. சட்டி தேய்க்க விற்கும் மெல்லிய இரும்புத் தும்பு ஏறத்தாழ 1 கிராம். மினுங்கும் சுருள் தும்பை வாங்கக் கூடாது, அது கறையில் உருக்கு, மாதக்கணக்கில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. மெல்லிய தும்பின்மேல் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். அதைக் கழற்ற வினாகிரியில் இரண்டு நிமிடம் ஊறவைத்து உதறி எடுக்க வேண்டும். பிறகு விரல்களால் பிரித்துத் தளர்வாக 100 மில்லிலீற்றர் அளவுச்சாடியின் அடியில் செருகி, சாடியைத் தண்ணீர் நிறைந்த பேசினில் தலைகீழாக நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் உள்ளே ஏறி, முதலில் இருந்த வளியில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை நாள் வைத்தாலும் ஏறாது. இந்த "நின்றுவிடுவது"தான் இந்தச் செயன்முறையின் உயிர். இரும்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, ஆனால் துருப்பிடிக்க வேண்டியது உள்ளே முடிந்துவிட்டது. 100 மில்லிலீற்றர் வளியிலுள்ள ஒட்சிசனுக்குக் கணக்கின்படி 65 மில்லிகிராம் இரும்பே போதும். தும்பின் மேற்பரப்பு மட்டுமே விரைவாகத் தாக்கமடைவதால்தான் 1 கிராம் போடுகிறோம்.

பிழைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் "வேலை செய்யவில்லை" என்று ஆசிரியர்கள் கைவிடுவது இங்கேதான். தும்பை உருண்டையாக அழுத்தினால் நடுப்பகுதி துருப்பிடிக்காமல் நாட்கள் இழுக்கும். வினாகிரியில் தோய்க்காவிட்டால் முதல் நாள் ஒன்றும் நடக்காது, பிள்ளைகளின் ஆர்வம் போய்விடும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பேசின் தண்ணீர் வற்றி சாடியின் வாய் வெளியே வந்து வளி நுழைந்துவிடும். ஆகவே பேசின் ஆழமாக இருக்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, காலை 10 மணிக்கு வைத்தால் காலை 10 மணிக்கே வாசிக்க வேண்டும். தகரக் கூரை வகுப்பறையில் காலைக்கும் பிற்பகலுக்கும் 8, 9 பாகை வித்தியாசம் வரும். அது உள்ளே மிச்சமிருக்கும் 80 மில்லிலீற்றர் வளியை 2 மில்லிலீற்றருக்கு மேல் விரியவைத்துவிடும். வாசிக்கும்போது சாடியை இறக்கி உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் ஒன்றாக்குவது நல்ல பழக்கம், ஆனால் அதனால் வரும் திருத்தம் வெப்பத்தால் வருவதைவிட மிகச் சிறிது. இவற்றைக் கவனித்தால் வகுப்பின் விடைகள் 18 க்கும் 21 க்கும் இடையில் விழும். ஏன் எல்லோருக்கும் ஒரே எண் வரவில்லை என்று பேச ஒரு பாடவேளை தனியாக வேண்டும். ஒரு பாடவேளையில் அலகை முடி என்கிறீர்கள். துரு அப்படி அவசரப்படாது.

சுடர்த் தடை பற்றி. பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்பறைகள் பலவற்றுக்கு அரைச்சுவர்தான். வைகாசி முதல் புரட்டாதி வரை காலை 10 மணிக்குப் பிறகு சுடர் நேராக நிற்காது, பக்கத்துத் தாளுக்குப் பாயும். அதனால் சுடர் வேலைகளை முதலிரு பாடவேளைகளில் வைக்க வேண்டும். மூன்று சென்ரிமீற்றர் துண்டு மெழுகுதிரி, உருகிய மெழுகால் தகரத் தட்டில் ஒட்டப்பட்டது. மேசைக்கு ஒரு சுடர். பற்றவைப்பது ஆசிரியர். பின்னலைப் பின்னால் கட்டுதல், கழுத்துப்பட்டியைக் கழற்றுதல். ஒரு வாளி மணல், ஒரு ஈரச் சாக்கு. இவ்வளவும் எழுதி ஒரு தாளாக அனுப்பினால் அது பாதுகாப்பு. "பற்றவைக்காதே" என்று ஒரே வரியில் அனுப்பினால் பாதுகாக்கப்படுவது அனுப்பியவர் மட்டுமே. அதே பிள்ளைகள் வீட்டில் தினமும் விறகடுப்பு மூட்டுகிறார்கள். அவர்களுக்குச் சுடரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பாடசாலையைவிட நல்ல இடம் எது?

வளிக்குத் திணிவு உண்டு என்பதை இப்போது எப்படிக் காட்டச் சொல்கிறீர்கள்? அடிமட்டத்தின் இரு முனையிலும் ஊதிய பலூன், ஒன்றைக் குத்தி உடைத்தால் மற்றப் பக்கம் சாயும் என்று. பெரும்பாலும் சாயாது. சாய்ந்தாலும் காரணம் வேறு. 3 லீற்றர் பலூனுக்குள் மூன்றரைக் கிராம் வளி இருப்பது உண்மை. ஆனால் அதே 3 லீற்றர் வெளிவளி பலூனை மேல்நோக்கித் தாங்குகிறது, இரண்டும் ஏறக்குறையச் சமன். மிஞ்சுவது பலூன் வளியைச் சற்று நெருக்கி வைத்திருப்பதால் வரும் கூடுதல் மட்டுமே, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. உடையும்போது ஒரு துண்டு றப்பர் பறந்தாலே அதைவிடக் கூடுதலான திணிவு போய்விடும். உதைபந்து இருக்கும்போது பலூன் எதற்கு? பந்தை உருண்டையாக, ஆனால் மென்மையாக இருக்கும் அளவுக்கு ஊதி, இலத்திரனியல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சைக்கிள் பம்பால் இறுக ஊதி மறுபடி நிறுங்கள். பந்தின் கனவளவு மாறவில்லை, ஆகவே வெளிவளி தாங்குவதும் மாறவில்லை. உள்ளே போன வளி மட்டும் நிறையில் தெரியும். பந்துக்குள் ஐந்தரை லீற்றர் இடம். அமுக்கம் 0.8 வளிமண்டலம் கூடினால் 5 கிராமளவு ஏறும். பந்து சப்பையாக இருக்கும்போதே முதல் நிறுவையை எடுத்தால் கணக்குக் குழம்பும். கரப்பந்தை எடுத்தால் 2 கிராம்கூட வராது, அதன் அமுக்கம் குறைவு. விளையாட்டறையில் பந்து இருக்கிறது. எங்களுக்கு இல்லாதது 0.1 கிராம் காட்டும் ஒரு சிறு தராசு. நகைக்கடையில் வைத்திருப்பது போன்றது, உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அதன் தாங்குதிறன் 500 கிராமாவது இருக்க வேண்டும். பந்தே 410 முதல் 450 கிராம்.

பலூனைக் கைவிட வேண்டிய இன்னோர் இடம் பாரமானி. போத்தல் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு உறிஞ்சுகுழலை முள்ளாக ஒட்டி, "வளிமண்டல அமுக்கம் ஏறி இறங்குவதைப் பார்" என்று செயற்பாட்டுத் தாளில் இருக்கிறது. அந்த முள் காட்டுவது வெப்பநிலை. காலை 25 பாகையிலிருந்து நண்பகல் 33 பாகைக்கு ஏறும்போது அடைபட்ட வளி கிட்டத்தட்ட 27 மில்லிபாருக்குச் சமமான அளவு மாறும். உண்மையான வளிமண்டல அமுக்கமோ எங்கள் அகலக்கோட்டில் சாதாரண நாளில் 3, 4 மில்லிபார்தான் அசையும். காலை 10 மணியளவில் உச்சம், பிற்பகல் 4 மணியளவில் தாழ்வு, இரவு மறுபடி உச்சம். அந்த 4, இந்த 27 இற்குள் காணாமற்போய்விடும். பிள்ளைகள் ஒரு வாரம் கவனமாகக் குறித்துவைத்து, காலையிலிருந்தே வெயில் ஏற ஏற அமுக்கம் பெருமளவு இறங்குகிறது என்ற முடிவுக்கு வருவார்கள். உண்மையில் காலை 10 மணிவரை அது ஏறுகிறது, பிறகு இறங்குவதும் 3, 4 மில்லிபார்தான். கவனமாக வேலை செய்த பிள்ளைக்குப் பிழையான விடை கிடைக்கும் செயன்முறையைவிடச் செயன்முறை இல்லாமலிருப்பது மேல் என்று நாங்களும் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் மாற்று இருக்கிறதே. கைத்தொலைபேசிகளில் சிலவற்றுக்குள் அமுக்க உணரி ஒன்று இருக்கிறது. ஒரு பாடசாலையில் ஓர் ஆசிரியரிடமாவது அப்படி ஒன்று இருக்கும். இலவசச் செயலி ஒன்றைப் போட்டால் எண் நேரடியாக வரும். காலை 10 மணிக்கும் பிற்பகல் 1.30 மணிக்கும் குறித்தாலே இறங்குமுகம் தெரியும். முல்லைத்தீவுக் கரையில் ஒரு வாசிப்பு, பஸ் வவுனியாவுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வாசிப்பு. வவுனியா கடல்மட்டத்துக்கு 100 மீற்றரளவு மேலே, ஆகவே 11 மில்லிபாரளவு குறையும். மலையே இல்லாத வன்னியில் உயரத்தோடு அமுக்கம் குறைவதை ஒரு பஸ் பயணத்தில் காட்டலாம். 1648 இல் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் தன் மைத்துனரை இரசக் குழாயோடு மலையேற்றிச் செய்ததும் இதேதான். வவுனியாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையம் இருக்கிறது. பிள்ளைகளின் எண்ணை அங்குள்ள எண்ணோடு ஒப்பிட ஒரு தொலைபேசி அழைப்பு போதும், பணிமனை ஒரு கடிதம் தந்தால்.

சுண்ணாம்பு நீர் பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் வன்னியில் அது பிழைக்கும் காரணம் தனி. எங்கள் கிணற்று நீர் வன்னீர். அதில் சுண்ணாம்பைக் கரைத்தால் யாரும் ஊதாமலே பால்போலக் கலங்கும். மூச்சில்தான் காபனீரொட்சைட்டு இருக்கிறது என்று காட்ட வந்த ஆசிரியர் அங்கேயே தோற்றுவிடுவார். மழைநீர் எடுங்கள், அல்லது பற்றரிக்கு ஊற்றும் நீர். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, ஒரு லீற்றர் போத்தல், கழுத்துவரை நிரப்பி இறுக மூடிக் குலுக்கி ஓர் இரவு வைத்தால் மேலே தெளிந்து நிற்கும். அரைப் போத்தலாக வைத்தால் மேலே நிற்கும் வளியிலிருந்தே காபனீரொட்சைட்டை எடுத்து ஆடை கட்டும். தெளிவை ஒரு சிறு குவளையில் ஊற்றி உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதினால் அரை நிமிடத்துக்குள் கலங்கும். நிறுத்தாமல் ஊதினால் சில நிமிடத்தில் மறுபடி தெளியத் தொடங்கும். கல்சியம் காபனேற்று ஐதரசன் காபனேற்றாகிக் கரைகிறது. அதுதான் கிணற்று நீரின் கடினத்தன்மையும். ஒரே குவளையில் இரண்டு பாடம். ஊதும்போது யாரும் உறிஞ்சிவிடாதிருக்கக் குழலின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். உறிஞ்சினால் வளிதான் வரும், சுண்ணாம்பு நீர் வாய்க்கு வராது. ஒப்பீட்டுக்குச் சைக்கிள் பம்பால் வெறும் வளியை அடித்துப் பார்க்கட்டும். கை ஓயும்வரை அடித்தாலும் இலேசில் கலங்காது. மூச்சில் 4 சதவீதம், வெளிவளியில் அதன் நூறில் ஒரு பங்கு. இந்த இடத்தில் ஒன்று: பல வகுப்பறைச் சுவர்ப்படங்கள் இன்னும் 0.03 சதவீதம் என்கின்றன. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது அது 0.0315. இன்று 0.042 ஐத் தாண்டிவிட்டது. படத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு தாளையாவது ஒட்டச் சொல்லுங்கள்.

வளிமண்டலப் படைகளுக்கு உபகரணமே வேண்டாம். மைதானமும் கயிறும் போதும். ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்தால் பூமியின் விட்டம் 127 மீற்றர், மைதானத்தின் நீளத்தைத் தாண்டும். அதன் விளிம்பில், நிலத்தை ஒட்டிய முதற் படையான மாறன்மண்டலம் எங்கள் பக்கத்தில் 17 சென்ரிமீற்றர், படைமண்டலம் 50 இல் முடியும், இடைமண்டலம் 85 இல். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை இரண்டரைச் சென்ரிமீற்றர். வளியின் பாதித் திணிவு அடியிலுள்ள ஐந்தரைச் சென்ரிமீற்றருக்குள். மழை, வாடை, சோளகம், புயல் எல்லாம் அந்த 17 சென்ரிமீற்றருக்குள்ளேயே நடக்கின்றன. சுவர்ப்படத்தில் வளிமண்டலம் பூமியளவு தடிப்பாகத் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை புகை எங்கோ மேலே போய்விடும் என்றுதான் நினைக்கும்.

காணொளி எங்கே வேண்டும் என்று கேட்டால் அதற்கும் விடை இருக்கிறது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரையும் புகைமூட்டத்தையும் எங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். வட கிழக்கில் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. அதிகாரிகள் குளிரதிர்ச்சி என்றார்கள், ஊரில் நச்சுக்காற்று என்றார்கள். 9 ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த மாசு வளி எங்கிருந்து, எந்தத் திசைக் காற்றில் வந்தது என்பதைக் காட்டச் செய்மதிப் படம் வேண்டும். 2020 இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியைக் கடந்து மன்னார்ப் பக்கம் போன பாதையும் அப்படித்தான். ஓசோன் படையும் அப்படி. கைக்கு எட்டாதவற்றுக்குத் திரையைத் தாருங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்வோம். கைக்கு எட்டுகிற பேசினையும் பந்தையும் பறித்துக்கொண்டு திரையைத் தராதீர்கள். மின்சாரம் போனால் அந்தத் திரையும் இல்லை. இருக்கும் ஒரே திறன்பலகையும் சாதாரணதர வகுப்புக்கே முன்னுரிமையாகக் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் எரியும் வாரங்களில் வகுப்பறைக்குள் இருமல் சத்தம் கேட்கும். அப்போது ஒரு வெள்ளை அட்டையில் வாசலின் பூசி வயற்பக்கச் சன்னலில் ஒன்று, மறுபக்கத்தில் ஒன்று என்று ஒரு நாள் வைத்து, ஒரு சதுரச் சென்ரிமீற்றரில் ஒட்டிய துணிக்கைகளைக் கைவில்லையால் எண்ணலாம். அது பிடிப்பது கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசியை மட்டும். நுரையீரலின் அடிவரை போகும் 2.5 மைக்ரோமீற்றர்த் துணிக்கைகள் அட்டையில் தெரியமாட்டா. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அவற்றுக்கு விதித்த நாளாந்த எல்லை ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். அட்டையில் அதை அளக்க முடியாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். எதை அளக்கிறோம், எதை அளக்கவில்லை என்று சொல்லாத செயன்முறை அரைகுறை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

வளி அலகை ஒரே பாடவேளைக் காணொளியாக முடிக்கச் சொன்ன அறிவுறுத்தலை இந்தத் தவணைக்குள்ளேயே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். தரம் 6 இற்கு இந்த அலகுக்குத் தொடர்ந்து வராத எட்டுப் பாடவேளைகளாவது வேண்டும். துருப்பிடித்தலை வைத்தும் வாசித்தும் பேசியும் முடிக்க அதில் மூன்று போகும்.

மெழுகுதிரிக் காணொளியை வலயத்தின் வட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் பாடசாலைக் கணினிகளிலிருந்தும் நீக்கி, ஒட்சிசன் "தீர்ந்துவிடுகிறது" என்பது பிழை என்று எல்லா விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். அந்தக் கூற்றைச் சரி என்று எடுத்துப் புள்ளி வழங்கும் வினாக்களை வலயப் பரீட்சையிலிருந்து அகற்றுங்கள். பலூன் பாரமானியும் பலூன் தராசும் செயற்பாட்டுத் தாள்களிலிருந்து போகட்டும்.

முழுச் சுடர்த் தடைக்குப் பதிலாக மேலே சொன்ன நிபந்தனைகளோடு ஒரு பாதுகாப்புத் தாள் வெளியிடுங்கள். வரைவை நாங்களே தருகிறோம், ஆசிரிய ஆலோசகர்கள் திருத்தட்டும்.

வினாத்தாளுக்குத் திருப்பிய தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தாருங்கள். ஒரு பாடசாலைக்கு வேண்டியது: 500 கிராம் தாங்கி 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று, 100 மில்லிலீற்றர் அளவுச்சாடி ஆறு, ஆழமான பேசின் ஆறு, வெப்பமானி நான்கு, கைவில்லை ஆறு, சைக்கிள் பம் ஒன்று, மெல்லிய இரும்புத் தும்பு, வினாகிரி, சுண்ணாம்பு. அளவுச்சாடி பிளாஸ்ரிக்காக இருந்தால் நல்லது, உடையாது. ஒரு வகுப்புக்கு மாதிரி வினாத்தாள் அச்சடிப்பது வருடாவருடம் வரும் செலவு. தும்பு, வினாகிரி, சுண்ணாம்பு தவிர இவை ஒருதடவை வாங்கினால் பல வருடம் நிற்கும்.

கிணறு, மிசின் புகை, காபனோரொட்சைட்டு பற்றிய ஒரு பாடவேளையை வைகாசிக்கு முன், தண்ணீர் இறங்கத் தொடங்குமுன், தரம் 6 முதல் 11 வரை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாக்குங்கள். கமநல சேவை நிலையங்கள் ஊடாகப் பெற்றோருக்கும் அதே தாளைக் கொடுக்கப் பணிமனை பேச வேண்டும்.

வவுனியா அவதானிப்பு நிலையத்துக்கு மாணவரை அழைத்துச்செல்லவும், அங்கிருந்து நாளாந்த வாசிப்புகளைப் பெறவும் ஒரு அனுமதிக் கடிதம் தாருங்கள்.

இவற்றுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். மறுக்கிறீர்கள் என்றால் எதை, எந்தக் காரணத்துக்காக என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். பதில் தருமுன் செயன்முறைகளை நேரில் பார்க்க விரும்பினால் நாளைச் சொல்லுங்கள். துருப்பிடித்தலை மூன்று நாள் முன்கூட்டியே வைக்க வேண்டியிருக்கும்.

வன்னியில் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர்கள்